கரணையா, கணினியா?

"கணினி என்றே எழுதிவிடுங்கள் ஐயா, கையெழுத்தை நான் போடுகிறேன்" என்றார் அவர்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்து, பொறியியல் கலந்தாய்வுக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்த நாட்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு மூலையிலே உள்ள அரசுப் பள்ளி. அதன் ஆசிரியர் அறை. வந்தவர் ஒரு கொத்தனார். பக்கத்திலே அவர் மகன். நல்ல மதிப்பெண் வாங்கியவன்; ஆயினும் குற்றவாளிக் கூண்டிலே நிற்பவனைப்போலத் தலை கவிழ்ந்து நின்றான். அவன் புரிந்த குற்றம் இதுதான்: கட்டிடப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டுவிட்டான்!

தந்தை தம் வலக்கையை என் மேசைமீது மலர்த்தி வைத்தார். இருபதாண்டுக் காலம் சிமெண்டு தின்ற கை. ரேகை பார்த்து எதிர்காலம் கணிக்கும் சோதிட சிகாமணி எவரேனும் அங்கே இருந்திருந்தால் ஏட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பார்; ஏனெனில் அந்தக் கையிலே ரேகை இல்லை! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நியாயவிலைக் கடையிலே விரலை வை என்று கேட்கும் கருவி இருக்கிறதே, அது அவர் விரலை ஏற்க மறுக்கிறது. துடைத்துத் துடைத்து வைத்தாலும் 'பொருந்தவில்லை' என்கிறது. ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த விரல். அந்த விரலுக்குரியவனை, அவன் வீட்டு அரிசிக்குக்கூட அடையாளம் காண மறுக்கிறது கணினி!

"பெங்களூரிலே ஒயிட்ஃபீல்டு பக்கம் எத்தனையோ கண்ணாடிக் கட்டிடம் கட்டினோம் ஐயா. கட்டுகிறவரைக்கும் எந்த மாடிக்கு வேண்டுமானாலும் போனேன். முடித்துக் கொடுத்த மறுவாரம், மறந்துவிட்ட ரசமட்டத்தை எடுக்கப் போனால் வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. கழுத்திலே அட்டை இல்லை என்றார். என் மகன் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே உட்காரவேண்டும். வெளியே சாரத்திலே தொங்கக் கூடாது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறைப்பானேன்? ஒரு நொடியும் எண்ணிப் பாராமல், "அப்பா சொல்வதே சரி, தம்பி! கணினியே எடு" என்றேன். பையன் வாய் திறக்கவில்லை. இருவரும் போனார்கள்.

அருகிருந்த ஆசிரிய நண்பர் என் முதுகைத் தட்டினார். "நல்ல காரியம் செய்தாய்! குலக்கல்வியைக் குழிதோண்டிப் புதைத்த நாடு இது. கொத்தன் மகன் மறுபடியும் கொத்து வேலைக்கா போவது?" என்றார்.

அந்தப் பாராட்டுத்தான் என்னைச் சுட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குலக்கல்வி! அந்தச் சொல்லை எடுத்தால் எவரும் எதிர்வாதம் பேசமாட்டார் என்பது நண்பரின் நம்பிக்கை. எடுப்பது எளிது, அந்தச் சொல்லுக்குப் பின்னே இருக்கும் போர் எதற்காக நடந்தது என்று நினைவிலே கொள்வதுதான் அரிது. 1953இல், அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலே படிப்பான். எஞ்சிய நேரம் அப்பன் செய்யும் தொழிலைப் பழகுவான். வண்ணான் மகன் வெளுப்பு, அம்பட்டன் மகன் கத்தி, கொத்தன் மகன் கரணை! பெரியார் வெகுண்டெழுந்தார். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் போர்க்கோலம் பூண்டன. 1954இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

எதை எதிர்த்து எழுந்தது அந்தப் போர்? கரணையை எதிர்த்தா? கத்தியை எதிர்த்தா? அல்ல, அல்ல! அப்பன் யாரோ அதை வைத்து மகன் யார் என்று முடிவு கட்டும் முறையை எதிர்த்து. 'உன் அப்பன் கொத்தன். ஆகவே நீ கொத்தனாகத்தான் வேண்டும்' என்றார் ஆச்சாரியார். 'உன் அப்பன் கொத்தன். ஆகவே நீ கட்டிடத்தின் பக்கமே திரும்பக் கூடாது' என்கிறார் என் நண்பர். இரண்டு வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அப்பன் இருக்கிறான், பிள்ளை எங்கே? அவன் ஆசை எங்கே? அறிவு எங்கே? பூட்டை உடைத்தோம் என்று மார்தட்டுகிறோம். உண்மையிலே பூட்டை எடுத்து எதிர்க் கதவிலே மாட்டியிருக்கிறோம்!

இன்னொன்றும் கேட்கிறேன். ஒப்பந்தக்காரர் மகன் கட்டிடப் பொறியியல் படித்தால், 'தொழிலுக்கு வாரிசு வந்தாயிற்று' என்று பூரிக்கிறார்கள். வழக்கறிஞர் மகன் வழக்கறிஞர். மருத்துவர் மகள் மருத்துவர். அதற்குக் குடும்பப் பெருமை என்று பெயர். அங்கெல்லாம் எழாத குலக்கல்விக் கூச்சல், கொத்தனார் மகன் வரைபடப் பலகையைத் தொட்டதும் எழுவானேன்? அவனும் கரணை பிடிக்கவா கேட்டான்? பட்டம் படிக்கத்தானே கேட்டான்! ஆனால் அந்தப் படிப்பு வெயிலிலே நிற்க வைக்கும்; புழுதி படிய வைக்கும்; தொழிலாளியின் தோளுக்குப் பக்கத்திலே தோள் நிறுத்தும். அதுதான் உறுத்துகிறது.

முகத்திலே பிறந்தவன் ஓதுவான், காலிலே பிறந்தவன் உழைப்பான் என்று ஒரு கதை கட்டினார்களே, அந்தக் கதையை மேடைதோறும் கிழித்தோம். கிழித்த தாளை ஒட்டி வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருக்கிறோம்! மண்ணைத் தொடாத தொழில் உயர்வு, மண்ணைத் தொடும் தொழில் தாழ்வு என்பது யார் போட்ட பாடம்? பூணூலைப் பழித்த வாயாலேயே, கழுத்திலே தொங்கும் அடையாள அட்டைக்குப் பூணூலின் மரியாதையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெண் பார்க்கப் போகும் வீடுகளிலே கேட்டுப் பாருங்கள்: "மாப்பிள்ளை ஐ.டி.யா?" என்று கேட்கும் குரலிலே, முன்பு கோத்திரம் கேட்ட குரலின் சாயல் தெரியும்.

தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டிலே, அதைக் கட்டியவன் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். (அந்தக் கோயிலால் உழுது வரி கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு வேறு, அதை இன்னொரு நாள் தீர்த்துக்கொள்ளலாம்.) ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு முடியாட்சிக்கு இருந்த அந்தச் சிறு நாணயம்கூட இன்றைய குடியாட்சிக்கு இல்லை. திறப்பு விழாக் கல்லைப் படித்துப் பாருங்கள்: அமைச்சர் பெயர், ஆட்சியர் பெயர், முன்னிலை வகித்தோர், வரவேற்புரை ஆற்றியோர்... தலைமைக் கொத்தனார் பெயர் எங்கே?

மறுவாரம் அந்தப் பையனைத் தனியே அழைத்தேன். "ஏனப்பா, கட்டிடத்தின்மேல் உனக்கு என்ன அவ்வளவு ஆசை?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"போன கோடையிலே உள்ளூரில் ஒரு வீட்டு வேலைக்கு அப்பா போயிருந்தார் ஐயா. சோறு கொண்டுபோனேன். தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்று, வேலை ஓடட்டும் என்றார் மேஸ்திரி. வேண்டாம், தளம் கெட்டுவிடும் என்றார் அப்பா. 'நீ என்ன, இஞ்சினீயரா?' என்று கேட்டார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பேசாமல் இருந்துவிட்டார். தண்ணீரை ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்து, ஏன் கெடும் என்று கேட்டேன். 'கெடும், எனக்குத் தெரியும். ஏனென்று சொல்லத் தெரியாது' என்றார். எனக்கு அது தெரியவேண்டும் ஐயா."

தோழர்களே, 'இவனுக்குக் கட்டிடம் வேண்டாம்' என்று தீர்ப்பெழுதியவன் நான்!

ஏன் கெடும்? நான் கலை படித்தவன். வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிமெண்டு உலர்ந்து இறுகும் பொருள் அன்று. நீரோடு வினைபுரிந்து இறுகும் பொருள். தன் வினைக்கு வேண்டிய நீரை அது எடுத்துக்கொள்ளும். மிகுந்த நீர் மெல்ல ஆவியாகும். ஆவியான இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளை மலிந்த கான்கிரீட் வலுவிழக்கும். அந்தத் துளை வழியே ஈரம் நுழையும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி தளத்தின் அடிப்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் கலக்கும்போது நீரைக் குறை என்கிறார்கள். போட்டு இறுகிய பின்னரோ நாள்தவறாமல் நீரூற்றி நனைத்து வை என்கிறார்கள். முன்னே வேண்டாத நீர் பின்னே வேண்டியிருக்கிறது! அந்தக் கலவையின் வலிமையை 28ஆம் நாள் கட்டியை உடைத்துச் சோதித்த பிறகே பொறியாளர் ஒப்புகிறார்.

இரண்டு வாளித் தண்ணீருக்குள்ளே இத்தனை அறிவு அடங்கிக் கிடக்கிறது. கொத்தனாரின் கைக்கு அது தெரிந்திருக்கிறது. வாய்க்கு அது கிடைக்கவில்லை. கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர ஒரு தலைமுறை முன்வருகிறது. நாமோ அதன் காதைப் பிடித்து இழுத்து, "அங்கே போகாதே, அது மூளையில்லாதவன் வேலை" என்கிறோம்!

மூளையில்லாதவன் வேலையா? 2014 சூன் 28ஆம் நாள் சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். பக்கத்திலே நின்ற இரட்டைக் கட்டிடத்தை 2016இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூணின் கணக்கும் மண்ணின் கணக்கும் தவறினால் விடைத்தாளிலே மதிப்பெண் குறையாது. ஊர்களிலே பிணம் இறங்கும். கிண்டியிலே இருக்கும் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நிலத்தை அளக்கவும் பாலம் கட்டவும் ஏரியைக் காக்கவும் பிறந்த படிப்புத்தான் இந்நாட்டுப் பொறியியலின் தாய். தாயைத் தெருவிலே நிறுத்திவிட்டுக் கடைசிப் பிள்ளைக்குப் பட்டாபிடேகம் நடத்துகிறோம்.

கடைசிப் பிள்ளைமேல் எனக்குக் காய்ச்சல் இல்லை. அப்படி எண்ணி எவரும் என்னை இயந்திரப் பகைவர் கூட்டத்திலே சேர்த்துவிட வேண்டாம். இனிவரும் உலகம் எப்படியிருக்கும் என்று பேசிய பெரியார், இயந்திரம் மனிதனின் பாரத்தைக் குறைக்கும் என்று மகிழ்ந்தவர். ஆளுக்கொரு கம்பியில்லாத் தொலைபேசி வரும் என்று அன்றே சொன்னவர். 2000இல் தரமணியிலே டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு வந்த ஆண்டுகளிலே, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர் ஓலைக் குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கும் ஓட்டு வீட்டிலிருந்து தளம் போட்ட வீட்டுக்கும் ஏறினார்கள் என்பது எனக்குத் தெரியும். 2007ஆம் ஆண்டிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லாமற் போனதும், 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பிலே 7.5 விழுக்காடு ஒதுக்கியதும் இந்த ஏற்றத்துக்குப் படிக்கட்டுகள். பெண்கள் ஊரைவிட்டு வெளியேறித் தம் சம்பளத்தில் தாம் நின்ற வரலாறும் அந்தத் துறையிலே உண்டு. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

ஆனால், படிக்கட்டு என்பது ஏறுவதற்கு. எல்லாரையும் ஒரே படியிலே நெருக்கி நிறுத்துவதற்கு அன்று. 2024-25ஆம் கல்வியாண்டிலிருந்து, தகுதி காட்டும் கல்லூரிகளுக்கு, ஒரு பாடத்தில் இத்தனை இடந்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கிவிட்டது. கல்லூரி முதலாளிகளுக்குக் கேட்கவேண்டுமா! கணினிக்குக் கூடம் கூடமாகக் கட்டினார்கள். (அந்தக் கூடங்களையும் எவரோ கட்டத்தான் வேண்டியிருந்தது!) கட்டிடப் பொறியியலுக்கு இருந்த வகுப்பறைகளிலே பூட்டுத் தொங்கத் தொடங்கியது.

வெளியே நிலைமை என்ன? பெரும் நிறுவனங்களிலே புதிதாகச் சேர்பவனுக்கு ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்தை ஒட்டிய சம்பளம். பத்தாண்டுக்கு மேலாக அந்த முள் பெரிதாக நகரவில்லை. அரிசி விலை நகர்ந்தது. வீட்டு வாடகை நகர்ந்தது. முள் மட்டும் நிற்கிறது. 2025 சூலையில், நாட்டின் மிகப் பெரிய கணினிச் சேவை நிறுவனமான டி.சி.எஸ்., ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நிரல் எழுதும் பணியில் ஒரு பகுதியை நிரலே எழுதிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. ஒருவர் கொடுத்த கணக்கை ஒருவர் கொடுத்த முறையிலே ஒருவர் கொடுத்த நேரத்துக்குள் முடித்துக் கொடுக்கும் பையனும் பெண்ணும், குளிர்காற்று வீசும் கூடத்திலே உட்கார்ந்திருந்தாலும், செய்வது சித்தாள் வேலைதான். கலவை தூக்குவதற்குப் பதில் கட்டளை தூக்குகிறார்கள். தலைச்சுமை தெரிவதில்லை, அவ்வளவே. உண்மையிலே அந்த அறிவிலே காதல் கொண்டவன், எண்ணோடும் தருக்கத்தோடும் விளையாடத் தெரிந்தவன், அங்கே போகட்டும், வெல்லட்டும். 'எல்லாரும் போகிறார்கள்' என்று போகிறவனுக்குத்தான் எச்சரிக்கை சொல்கிறேன்.

அதிலும் வேடிக்கை ஒன்று. கணினி வேறு, கட்டிடம் வேறு என்று எவரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். இன்று வீட்டின் வரைபடம் கணினியிலே. தூண் தாங்கும் பாரத்தின் கணக்கு கணினியிலே. நிலத்தை அளப்பது விண்ணிலே சுற்றும் கோளின் துணையோடு. கட்டிடம் படிக்கிறவன் கணினியை விட்டு ஓடவில்லை. கணினி மட்டும் படிக்கிறவன்தான் மண்ணைவிட்டு ஓடுகிறான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தத் தந்தையை அறியாதவர் என்று எவராவது எண்ணினால், அவரோடுதான் என் அடுத்த சண்டை.

தந்தை அஞ்சுவது புழுதிக்கு அன்று. அவருடைய கூட்டாளி ஒருவர் ஆறாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பிலே கயிறு இல்லை. கீழே வலை இல்லை. ஒப்பந்தக்காரர், உடலை ஊருக்கு அனுப்ப வண்டி வாடகை கொடுத்தார், மனைவியின் கையிலே இருபதாயிரம் ரூபாய் வைத்தார், கணக்கு முடிந்தது. நல நிதி கேட்டு அந்த அம்மையார் நடந்தபோது, ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டிற்று; வேலை செய்த ஊர் ஒன்று, பதிவு செய்த ஊர் வேறு என்றது. இதைப் பார்த்தவர் தம் மகனைக் 'கட்டிடத்துக்குப் போ' என்று எந்த வாயால் சொல்வார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கண்ட மாநிலம். 1996இல் ஒன்றிய அரசும் சட்டம் இயற்றிற்று. கட்டிடச் செலவிலே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தீர்வை வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிடவேண்டும் என்றது. தீர்வை வந்தது, குவிந்தது. இந்தியா முழுவதும் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிடப்படாமல் கிடப்பதை 2018இல் உச்ச நீதிமன்றமே கடிந்துரைத்தது. பணம் இருக்கிறது; பிணமும் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது!

இதைப் பேசாமல், 'தமிழன் சோம்பேறியாகிவிட்டான்; கல் தூக்க வடக்கேயிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது' என்று அங்கலாய்க்கும் பெரியமனிதர்களைப் பார்த்திருக்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவன் யார்? அங்கேயும் காலிலே பிறந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன்தான். வேலையிடத்துத் தகரக் கொட்டகையிலே படுத்து, எட்டு மணிக்கு மேலும் உழைத்து, கேட்பதற்கு மொழியும் இல்லாமல், திரும்பிப் போக வழியும் இல்லாமல் கிடப்பான் என்பதால் முதலாளிக்கு அவன் இனிக்கிறான். மாலை ஆனால் வீட்டுக்குப் போகிற, கூலி குறைந்தால் ஏனென்று கேட்கிற உள்ளூர்த் தொழிலாளி கசக்கிறான். கேட்கக் கற்றுக்கொண்டதற்குச் சோம்பல் என்று பெயரா? வந்தவன்மேல் பாயும் வீரர்களுக்கும் சொல்கிறேன்: அவன் தூங்கும் தகரக் கொட்டகைக்குள் ஒரு பகல் இருந்துவிட்டு வந்து பேசுங்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்டால் இன்னும் கசக்கும். 1940களிலே கிண்டிக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் மூன்று பெண்களுள் இருவர் படித்தது கட்டிடப் பொறியியல். அவர்களுள் ஒருவரான பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அது நடந்து அரை நூற்றாண்டு தாண்டிற்று. என் வகுப்பிலே ஒரு மாணவி கட்டிடம் என்று சொன்னால், "பெண்பிள்ளைக்கு வெயிலிலே என்ன வேலை?" என்கிறார்கள். அவள் தாய் அதே வெயிலிலே பாண்டு சுமக்கிறாள்! முப்பதாண்டு சுமந்தாலும் சித்தாளாகவே நிற்கிறாள். அவள் கையிலே கரணை கொடுக்க ஒரு மேஸ்திரிக்கும் மனம் வருவதில்லை. சுமக்க மட்டும் வெயில் சுடாது போலும்!

ஜெர்மனியிலே செங்கல் அடுக்கவும் மூன்றாண்டுப் பயிற்சி, பயிலும்போதே ஊதியம், முடிவிலே தேர்வு, சான்றிதழ். நம் கொத்தனாருக்கு இருபதாண்டு அனுபவம் இருக்கிறது; அதைச் சொல்ல ஒரு துண்டுத் தாள் இல்லை. அவர் கையறிவைச் சோதித்துச் சான்று கொடுங்கள். சான்று பெற்றவர் 'தண்ணீர் ஊற்றாதே' என்று சொன்னால் அதை மீறி ஊற்றுகிறவனுக்குத் தண்டம் விதியுங்கள். இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் ஒருவனை மேலே ஏற்றும் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த ஒப்பந்தம் இல்லை என்று எழுதுங்கள். எந்த ஊரிலே விழுந்தாலும் பதிந்த ஊரிலே நிதி கிடைக்கட்டும். பள்ளியிலே வழிகாட்ட வரும் நாங்கள், 'நான் முதல்வன்' திட்டத்தின் படங்களைக் காட்டிவிட்டுக் கணினி, கணினி என்று கிளிப்பிள்ளைப் பாடம் ஓதுவதை நிறுத்துகிறோம்; நான் நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதைச் சொல்லத்தான் அந்தத் தந்தையை மீண்டும் பள்ளிக்கு அழைத்தேன். "அன்று நான் சொன்னது பிழை. உங்கள் மகன் கேட்கும் படிப்பையே முதலிலே எழுதலாம். பொறியாளராகி வந்தால், தண்ணீர் ஏன் ஊற்றக் கூடாது என்று அவன் சொல்வான், எவனும் சிரிக்கமாட்டான்" என்றேன். தளத்திலே நடந்ததைப் பையன் என்னிடம் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மகனைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "இஞ்சினீயர் மேலே ஏறினால் இடுப்பிலே கயிறு கட்டுவார்களா ஐயா?"

"கட்டுவார்கள்."

"அவனுக்குக் கட்டுவார்கள். பக்கத்திலே நிற்கும் எனக்கு?"

விருப்பப் பட்டியலை நிரப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு, மகனோடு போனார்.